ஜெயின் ஆக்களுக்கு ராச்சாப்பாடு: வெங்காயம், உள்ளி, கிழங்கு ஒண்டும் இல்லாம என்னத்தச் சமைக்கிற?

கல்லடி_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். என்ட இவர் வேலை செய்யிற ப்ரொஜெக்ட்டுக்கு இந்தியால இருந்து ஒரு எஞ்சினியர் வந்து நிக்கிறார், அகமதாபாத் ஆள், மனுசியும் கூட வந்திருக்கா. சனிக்கிழமை ராச்சாப்பாட்டுக்கு வீட்ட வாங்க என்டு இவர் பெரிய மனசோட சொல்லிட்டு வந்திட்டார். சைவம் என்டு மட்டும்தான் முதல்ல சொன்னவர். சைவம்தானே, வெள்ளிக்கிழமையில நம்ம ஆக்கிறதுதானே, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பொன்னாங்கண்ணிச் சுண்டல், உருளைக்கிழங்குப் பிரட்டல், ஒரு சொதி என்டு மனசுக்குள்ள மெனு போட்டு வச்சிட்டன்.

இப்ப வந்து சொல்லுறார் அவங்க ஜெயினாம், வெங்காயம் இல்லையாம், உள்ளி இல்லையாம், மண்ணுக்குள்ள விளையிற ஒண்டுமே வாயில வைக்கமாட்டாங்களாம். இதைக் கேட்ட மாமி "வெங்காயம் போடாத கறி என்ன கறி, ஆஸ்பத்திரிச் சாப்பாடா" என்டு போட்டு அடுப்படிப் பக்கமே வரமாட்டன் என்டு நிக்கிறா. சொதிக்கு வெங்காயம் இல்லாம எப்பிடிக்கா ருசி வரும்? இஞ்சியும் மஞ்சளும் கிழங்குதானே, அதுவும் இல்லையா? மஞ்சள் இல்லாம பருப்பு எப்பிடி? அதோட எங்கட வீட்டில தினமும் மீன், அம்மியில மாசிக் கருவாடு இடிக்காத நாளே இல்ல, அந்தச் சட்டி பானையில அவங்களுக்கு ஆக்கலாமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, சனிக்கிழமைக்கு நாள் இல்ல.

வாழைச்சேனைப்_பொடியன்:

அக்கா ஏன் இவ்வளவு டென்ஷன், டவுனில நல்ல சைவக் கடையாப் பாத்து ஒரு பார்சல் எடுத்து உங்கட பாத்திரத்தில மாத்தி வச்சிட்டா முடிஞ்சுது. இல்லாட்டி பழம் வெட்டி வைங்க, வாழைப்பழம் மரத்திலதானே காய்க்குது 😄

சவுக்கார்பேட்டைல_இருந்தவன்:

தம்பி சொன்ன கடைப் பார்சல் விசயத்த முதல்ல வெட்டி விடுங்க. எங்கட பக்கத்துச் சைவக் கடையில மீன் இறைச்சி இல்ல, அவ்வளவுதான். சாம்பாருக்குள்ள வெங்காயம், மசாலாத் தோசைக்குள்ள கிழங்கு, வடைக்குள்ளயும் வெங்காயம், அந்த மனுசன் எதைத் தொடுவார்?

நான் திருக்கோவில் ஆள், படிக்கப் போய் சென்னையில சவுக்கார்பேட்டைப் பக்கம் வாடகைக்கு இருந்தனான், அங்க கீழ் வீடு மேல் வீடு எல்லாம் ராஜஸ்தான் குஜராத் ஜெயின் ஆக்கள். அவங்கட வீட்டில சாப்பிட்டும் இருக்கன், அவங்களுக்கு நான் சமைச்சும் குடுத்திருக்கன், அதால தெரிஞ்சதச் சொல்லுறன்.

முதல் விசயம் சாப்பாடு இல்ல, நேரம். ராச்சாப்பாடு என்டு நீங்க சொல்லுறது எத்தினை மணி? எங்கட ஆக்கள் எட்டு எட்டரை என்டுதான் நினைப்பாங்க. ஒழுங்காக் கடைப்பிடிக்கிற ஜெயின் ஆக்கள் பொழுது பட்டாப்பிறகு சாப்பிட மாட்டாங்க, விளக்கு வெளிச்சத்துக்கு வாற பூச்சி சாப்பாட்டுக்குள்ள விழுந்து சாகும், அந்தப் பாவம் வேணாம் என்டுதான் அந்த வழக்கம் வந்தது. சிலர் பொழுது பட்டாப்பிறகு தண்ணி மட்டும் குடிப்பாங்க, சிலர் அதுவும் இல்ல. இப்ப ஆவணி மாசம், மட்டக்களப்பில பொழுது படுறது ஆறேகால் போல, அப்ப அஞ்சு மணிக்கு நீங்க சாப்பாடு வச்சிடணும், ஆறு மணிக்கு அவங்க கை கழுவி இருக்கணும். பதினாறு வகை கறி ஆக்கிப்போட்டு ஏழரைக்கு வாங்க என்டு சொன்னீங்க என்டா அவங்க மரியாதைக்கு வந்து இருந்து ஒரு வாயும் சாப்பிடாமப் போவாங்க, உங்களுக்குத்தான் மனசு நோகும்.

ரெண்டாவது, கிழங்கு. உருளைக்கிழங்கு, மரவள்ளி, ராசவள்ளி, வத்தாளை, கரட், பீட்ரூட், முள்ளங்கி, வெங்காயம், உள்ளி எல்லாம் இல்ல. கிழங்கப் பிடுங்கினா முழு மரமும் சாகுது, அதோட ஒரு கிழங்குக்குள்ள எண்ணிலடங்காத உயிர் இருக்கு என்டு அவங்கட நம்பிக்கை. ஆனா நீங்க கேட்ட மஞ்சளுக்குப் பயப்பட வேணாம், காய்ஞ்ச மஞ்சள் தூள் போடலாம். இஞ்சி பச்சையா இல்ல, சுக்கு ஓம். கச்சான் மண்ணுக்குள்ள இருந்தாலும் அது விதை என்டபடியா பெரும்பாலும் சாப்பிடுவாங்க.

அடுத்தது எங்கட ஆக்களுக்கு யோசனையே வராத சாமான் கொஞ்சம் இருக்கு. கத்தரிக்காய், விதை கூட என்டு நிறையப் பேர் சாப்பிடுறல்ல, அதால உங்கட பொரிச்ச குழம்பு அவுட். காளான் இல்ல, தேன் இல்ல, முட்டை சொல்லவே தேவையில்ல. கோவா, கோலிபிளவர் பூச்சி இருக்கும் என்டு விடுற ஆக்களும் இருக்காங்க. கீரையும் இப்ப சந்தேகம், ஆடியில தொடங்கி கார்த்திகை மட்டும் நாலு மாசம் அவங்களுக்கு சாதுர்மாசம், அந்த நாலு மாசமும் இலைவகை தொடாத வீடு கனக்க. அங்க அது மழைக்காலம், இலையெல்லாம் புழு பூச்சி, இங்க எங்களுக்குக் கச்சான் காத்தடிச்சு வாய்க்கால் எல்லாம் வறண்டு கிடக்குது, ஆனா வழக்கம் அங்கத்த வானத்தப் பாத்து வந்தது, இங்கத்த வானத்தப் பாத்து மாறாது. பொன்னாங்கண்ணியையும் வெட்டுங்க.

இன்னொன்டு, ஆவணி புரட்டாதிப் பக்கம்தான் பர்யூஷண் வரும், சுவேதாம்பரம் என்டுற ஜெயின் பிரிவு ஆக்களுக்கு எட்டு நாள், அவங்கட பெரிய விரதம். அந்த எட்டு நாளுக்குள்ள உங்கட சனிக்கிழமை விழுந்துதோ நிறையப் பேர் பச்சை மரக்கறியே எடுக்கிறல்ல, பருப்பு பயறு சோறு என்டுதான் போகும், சில பேர் முழு உபவாசம் வேற. அதையும் கேட்டுக்கொள்ளுங்க. என்ன கேட்டா ஜெயின் என்டு ஒரு சொல்லுக்குள்ள ஆயிரம் அளவு இருக்கு, வெளியூர் போனா உருளைக்கிழங்கு சாப்பிடுற ஆளும் நான் கண்டிருக்கன், கொதிச்சாறின தண்ணி தவிர குடிக்காத ஆளும் கண்டிருக்கன். எங்களிட்டக் கேக்கிறத விட அவங்களிட்டயே ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்க.

வாழைச்சேனைப்_பொடியன்:

அண்ணன் இவ்வளவு இருக்கா, நான் பகிடிக்குச் சொன்னன், சொறி அக்கா.

ஏறாவூர்_வாத்தி:

வீட்டுக்கு வா என்டு கூப்பிட்டுப்போட்டு நீ என்ன தின்னுவாய் என்டு கேக்கிறது எங்கட பக்கத்து மரியாதை இல்ல. விருந்தாளிய அலைய விடாம நாமதான் விசாரிச்சு அறிஞ்சு வைக்கணும். அவரோட வேலை செய்யிற வேற ஆக்களிட்டக் கேக்கலாம்தானே, நேராக் கேட்டா அவங்களுக்கு ஏதோ நம்ம சுமை குடுக்கிறம் என்டு கூச்சம் வரும், ஒண்டும் வேணா, தயிரும் சோறும் போதும் என்டுதான் சொல்லுவாங்க.

சாய்ந்தமருது_ராத்தா:

வாத்தியார் சொல்லுறத நான் ஒத்துக்கொள்ள மாட்டன், கோவிக்க வேணா. எங்கட ஆக்களை யாராச்சும் தமிழ் ஆக்கள், சிங்கள ஆக்கள் விருந்துக்குக் கூப்பிடக்குள்ள கோழி எங்க வாங்குற, உங்களுக்கு எந்தக் கடை சரி என்டு முன்கூட்டிக் கேட்டா எங்களுக்கு அப்பிடி ஒரு நிம்மதி. கேக்காம ஆக்கி வச்சா நாங்க மேசையில இருந்து முழிச்சிக்கிட்டு, கேக்கவும் ஏலாம, தின்னாம இரிக்கவும் ஏலாம படுற பாடு இரிக்கே, அதுதான் கூச்சம். கேட்டா என்ன குறைஞ்சு போகுது? அதுவும் வீட்டுக்காரி வீட்டுக்காரியோட கதைச்சா இன்னும் லேசு, அந்த மனுசிட நம்பர வாங்கி வாட்ஸ்அப்பில கேளுங்க, ஆம்புளைகள் இடையில நிண்டா பாதிச் சேதிதான் வந்து சேரும், சைவம் என்டு வந்து பிறகு ஜெயின் என்டு வந்த மாதிரி.

நேரத்துக்கு யோசிக்க வேணா. நாங்க நோன்பு மாசத்தில மஃரிப் பாங்குக்கு எல்லாத்தையும் மேசையில வைக்கிறம்தானே, அதே கணக்குத்தான், நாங்க தொடங்குற நேரம் அவங்க முடிச்சிரிக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கறிக்கு ஒரு விசயம் சொல்லுறன். நம்ம கறியில வெங்காயம் என்ன செய்யுது என்டு பாருங்க, கொஞ்சம் இனிப்புக் குடுக்குது, கறியைத் தடிப்பாக்குது. அந்த ரெண்டையும் வேறொண்டு செஞ்சா வெங்காயத்தத் தேட மாட்டாங்க. தடிப்புக்கு கஜுவ ஊறப்போட்டு அரைச்சு விடுங்க, இல்லாட்டி தேங்காய்ப்பூவ நற்சீரகத்தோட இளம் சிவப்பா வறுத்து மையா அரைச்சு விடுங்க. இனிப்புக்குப் பழுத்த பூசணிக்காய் போதும். மணத்துக்குப் பெருங்காயம், எண்ணெயில போட்டுப் பொரிய விட்டாத்தான் அந்த உள்ளி மாதிரி வாசம் வரும், கறி கொதிக்கக்குள்ள தூவினா மருந்து மாதிரி மணக்கும். நாங்க பாலாணம், அதான் தேங்காய்ப்பால் கறி, காய்ச்சுற மாதிரியே காய்ச்சுங்க, வெங்காயத்த மட்டும் விட்டிட்டு ரம்பையையும் கறிவேப்பிலையையும் கூட்டுங்க.

கஜுக் கறி ஆக்காம விட்டிராதீங்க, மட்டக்களப்புக்கு வந்த ஆளுக்கு அதவிட என்ன குடுக்கிற? காய்ஞ்ச கஜுவ ராவைக்கே ஊறப்போட்டா அடுத்த நாள் பஞ்சா வேகும்.

பழங்கதைப்_பிரியன்:

கொஞ்சம் வேற விசயம். சமணம், அதான் இந்த ஜெயின் மதம், எங்கட நாட்டுக்குப் புதுசு இல்ல, பண்டுகாபய ராசா அநுராதபுரத்தில நிகண்டருக்கு, அதான் சமண முனிவருக்கு, வீடு கட்டிக் குடுத்த கதை மகாவம்சத்தில இருக்கு. பிறகு வட்டகாமணி அபயன் அபயகிரி விகாரையக் கட்டினது நிகண்டர்ட ஆசிரமம் இருந்த இடத்தில. விருந்தில கதைக்க ஒரு விசயம் வேணுமே என்டு சொன்னன்.

ஆரையம்பதிப்_பெரியம்மா:

கதைய விடுங்க, புள்ளைக்கு நாளைக்கு மறுநாள் அடுப்பு மூட்டணும். மகள், உன்ட மாமி வெங்காயம் இல்லாத கறி என்ன கறி என்டு கேட்டாவா? வைகாசியில கண்ணகை அம்மன் சடங்குக்கு வீட்ட மெழுகி, மீன் சட்டியெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு அவ விரதச் சட்டியில என்னத்த ஆக்கினவ என்டு கேளு. எந்த வீட்டிலயும் விரதச் சட்டி என்டு ரெண்டு மூண்டு பரணில கவிழ்த்து வச்சிருப்பம்தானே, அதை இறக்கிக் கழுவு, அதுதான் உன்ட சட்டிக் கேள்விக்குப் பதில். இல்லாட்டி சந்தையில புதுச் சட்டி ரெண்டு வாங்கு. மீன் ஆக்கின மண்சட்டி எத்தின தரம் கழுவினாலும் சூடேறக்குள்ள மணம் விடும், அது வேணா. அலுமினியம், சில்வர்ப் பாத்திரம் என்டா சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவினா காணும். அம்மியில மாசி இடிச்சிருக்காய், அதால அம்மிப் பக்கம் போகாத, மிக்சியில அரை. மரக்கறி வெட்டுற பலகையும் கத்தியும் பாத்துக்கொள், மீன் வெட்டுற கத்தி என்டா வேற எடு. திருவலைக்கும் ஒரு கழுவல்.

தூளையும் பார். கடைக் கறித்தூளுக்குள்ள என்ன இருக்கு என்டு ஆருக்குத் தெரியும், சிலதில உள்ளித் தூள் இருக்கும். கொத்தமல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், செத்தல் கொச்சிக்காய், ஒரு பிடி கறிவேப்பிலை, எல்லாத்தையும் தனித்தனியா வறுத்து அரைச்சு ஒரு சின்னப் போத்தல்ல வை. சோயாமீட் பக்கம் போயிராத, பக்கற்றுக்குள்ள வாற சுவைத்தூள்ல கோழி, வெங்காயம் எல்லாம் இருக்கும், அதோட இறைச்சி மாதிரிச் சாமானப் பாத்தாலே அவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

சொதி இப்பிடி வை. ரெண்டாம் பாலில அரைத் தேக்கரண்டி வெந்தயம், கீறின பச்சைக் கொச்சிக்காய் நாலு, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, மஞ்சள், உப்பு போட்டு வெந்தயம் மலரும் மட்டும் மெல்லக் கொதிக்க விடு. பிறகு முதல் பால விட்டு ஒரு கொதி வரக்குள்ள இறக்கு, ஆறினாப்பிறகு தேசிக்காய்ப்புளி. கடைசியா கடுகு, பெருஞ்சீரகம், செத்தல், ஒரு சிட்டிகை பெருங்காயம் தாளிச்சுக் கொட்டு. தக்காளி ஒண்டு போட்டாலும் நல்லம். இடியப்பத்துக்கு இதை விட்டுத் தின்னா வெங்காயம் எங்க என்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

சவுக்கார்பேட்டைல_இருந்தவன்:

பெரியம்மா சொன்னது நூத்துக்கு நூறு. இனிப்புக்கும் ஒரு எச்சரிக்கை. வட்டிலாப்பம் வேணாம், முட்டை. கடையில விக்கிற கப் யோகட்டில கனத்துக்கு ஜெலட்டின் போடுறாங்க, அது மாட்டு எலும்பு தோல்ல எடுக்கிற சாமான், லேபிள வாசிங்க. ஜெலியும் அப்பிடித்தான். சவ்வரிசிப் பாயாசம் என்டு யோசிச்சா அதுவும் மரவள்ளி மாவில செய்யிறது, இறுக்கமான ஆக்கள் எடுக்கிறல்ல.

எருமைத் தயிர் சட்டியோட வைக்கலாம் என்டு ஆசை வரும், அது எங்கட பெருமைதானே, ஆனா கேட்டு வைங்க. ரெண்டு பிரச்சினை: ஒண்டு, பழைய தயிர் எடுக்கமாட்டாங்க, கடையில இருக்கிற சட்டி எப்ப உறைஞ்சது என்டு எங்களுக்குத் தெரியா. மற்றது, காய்ச்சாத தயிரும் பருப்பு வகையும் ஒரே சாப்பாட்டில சேரக்கூடாது என்டு அவங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. நீங்க பருப்புக் கறி வைக்கிறதா இருந்தா தயிர விடுறது நல்லம்.

அரைச்சு வச்சுப் புளிக்க விட்ட தோசை மாவும் அப்பிடித்தான், ராத் தங்கின சாப்பாடு என்டு சிலர் ஒதுக்குவாங்க. இடியப்பம், பிட்டு, தேங்காய் ரொட்டி எல்லாம் அப்பவே குழைச்சு அப்பவே அவிக்கிறது சுடுறது, அதில பிரச்சினை இல்ல. குஜராத் ஆக்களுக்கு ரொட்டிதான் கைக்கு வந்த சாப்பாடு, அதால நான் என்டா தேங்காய் ரொட்டியும் கட்டாயம் சுடுவன், ஆனா கொச்சிக்காய் வெங்காயம் வெட்டிப்போட்டுக் குழைக்கிற பழக்கத்தில கை தானா வெங்காயத்துக்குப் போகும், கவனம். கஜு ராவைக்கே ஊறப்போடுறது பற்றி ராத்தா சொன்னா, அதுக்குப் பதிலா காலையில வெள்ளன சுடுதண்ணியில போட்டாலும் மத்தியானத்துக்குள்ள ஊறிரும்.

ஏறாவூர்_வாத்தி:

ராத்தா சொன்னதுக்கு எதிரா எனக்கு ஒண்டும் சொல்ல ஏலாமக் கிடக்கு. ஆனா கேக்கிறது என்டா என்ன சாப்பிடுவீங்க என்டு கேக்க வேணா, அதுக்கு எல்லாரும் எது என்டாலும் சரி என்டுதான் சொல்லுவாங்க. நீங்களே ஒரு மெனுவப் போட்டு, இதில எதை விடணும் என்டு கேளுங்க. வெட்டுறதுக்கு ஒருத்தரும் கூச்சப்பட மாட்டாங்க.

கல்லடி_மருமகள்:

எல்லாருக்கும் மிச்சம் நன்றிகா. வாத்தியார் சொன்ன மாதிரியே மெனுவ அனுப்பி அந்த அக்காவோட இங்கிலிசும் ஹிந்திப் பாட்டுமா ஒரு மாதிரிக் கதைச்சு முடிச்சன். பர்யூஷண் இன்னும் தொடங்கல்லையாம், அதால மரக்கறி ஓம், ஆனா கீரை இல்ல. கத்தரிக்காய் இல்ல. அவர் பொழுது பட்டா தண்ணி மட்டும் குடிப்பாராம், அவ அதுவும் இல்லையாம். அஞ்சு மணிக்கு வாங்க என்டு சொன்னதும் அவட சத்தத்திலயே சந்தோசம் தெரிஞ்சுது, இங்க வந்ததுல இருந்து கூப்பிடுற எல்லா வீட்டிலயும் எட்டு மணிக்கு மேலதானாம், வயிறு சரியில்ல என்டு சொல்லிச் சொல்லியே தப்பிச்சு வந்தவங்களாம்.

பெரியம்மா, நீங்க எழுதினத மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். விரதச் சட்டிய அவவே பரணில இருந்து இறக்கி வச்சிட்டா. இப்ப என்னென்டா வாழைக்காய்ப் பாற்கறி நான்தான் வைப்பன், நீ கைவைக்காத என்டு சொல்லுறா, இனி அந்தக் கறி என்ட பொறுப்பில இல்ல.

கடைசியா இதுதான் வந்து நிக்குது: வந்தவுடன இளநி. இடியப்பம், தேங்காய் ரொட்டி, சொதி, கஜுக் கறி, வாழைக்காய்ப் பாற்கறி, பூசணிக்காய் வறுத்தரைச்சது, பயித்தங்காய்ப் பிரட்டல், வெண்டிக்காய் பொரிச்சது, கொஞ்சம் பருப்பு. வெங்காயம் போடாத தேங்காய்ச் சம்பல், செத்தலும் உப்பும் தேசிக்காயும் மட்டும். இனிப்புக்குச் சர்க்கரைப் புக்கை, பயறு, தேங்காப்பால், கஜு, முந்திரிவத்தல் போட்டு. அப்பளம் பொரிக்கிறன், அது உளுந்துதானே. தயிர விட்டிட்டன். முதல் நாள் ராவு வீட்டில மீன் இல்ல என்டு சொன்னதுக்கு இவர்ட முகத்தப் பாக்கணும், ஆக்களைக் கூப்பிட்டது இவர்தானே, கிடக்கட்டும்.

ஒரு சந்தேகம், ரெண்டு மணிக்கே பாற்கறியும் சொதியும் வச்சா அஞ்சு மணிக்கு ஆறிப் போயிரும், திரும்பச் சூடாக்கினா பால் திரைஞ்சிருமா?

ஆரையம்பதிப்_பெரியம்மா:

திரையும் மகள். ரெண்டாம் பாலோட அவிச்சு இறக்கி வை, முதல் பால விடாத. அவங்க வந்து இளநி குடிக்கக்குள்ள அடுப்பில ஏத்தி முதல் பால விட்டு, கொதி வர முன்ன அகப்பையால துழாவிக்கொண்டே இரு, சட்டிய மூடாத. தேசிக்காய்ப்புளி மேசைக்குக் கொண்டு போக முன்னதான் விடணும், சூட்டோட விட்டியோ சொதி தண்ணி வேற பால் வேறயா நிக்கும். இடியப்பத்த நாலரைக்கு அவி. ஆவணியில பின்னேரக் காத்து அடுப்படிக்குள்ள மண்ணைக் கொண்டு வரும், யன்னலச் சாத்திப்போட்டு எல்லாத்தையும் மூடி வை, பூச்சி விழுந்தா அவங்களுக்கு அதுதான் பெரிய விசயம்.

சாய்ந்தமருது_ராத்தா:

சாப்பிட்டு முடிய பழக்கதோசத்தில பிளேன்டீ ஊத்திக்கொண்டு போயிராதீங்க, அந்த மனுசி தண்ணியும் குடிக்கமாட்டா என்டு சொன்னீங்கதானே. டீ குடுக்கிற என்டா ஆறு மணிக்கு முன்ன, சுக்குத் தட்டிப் போட்டுக் குடுங்க. அந்தக் கஜுக் கறிக்கு தூள் கூட்ட வேணா, கஜுட இனிப்பு செத்துப்போகும்.

கல்லடி_மருமகள்:

சரி ராத்தா. சுக்கு வீட்டில இல்ல, இவரக் கடைக்கு அனுப்பியிருக்கன், இஞ்சிய வாங்கிக்கொண்டு வராம இருந்தாச் சரி.